லிங்க் வேற எங்கேயோ திறக்குது மேடம்

ஒரு கம்ப்யூட்டரில் கிடக்கிற ஃபைலை இன்னொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கிறவர் திறக்க வழி பண்ணிக் கொடுப்பதுதான் என் தொழில். இதில் எந்த ஆபத்தும் கிடையாது என்று நம்பித்தான் என் வீட்டில் என்னை இதற்கு விட்டார்கள்.

கடலூர் முதுநகரில் வீடு. கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள சின்னச் சின்ன ஆபீஸ்கள், கடைகள், கிளினிக்குகள் என்னைக் கூப்பிடும். அவர்களுடைய ஃபைல்களையெல்லாம் ஓர் இடத்தில் சேர்த்து வைத்து, திறப்பதற்கு லிங்க் போட்டுக் கொடுப்பேன். இணையதளத்துக்கு விலாசம் அடிக்கிறோமே, அதே மாதிரி இதற்கும் ஒரு விலாசம் உண்டு. எந்த மெஷின், அதில் எந்த ஃபோல்டர், அதற்குள் எந்த ஃபைல் என்று வரிசையாக இருக்கும். அழுத்தினால் திறக்கும். நீங்களும் ஏதாவது ஓர் ஆபீசில் குப்பை கொட்டுகிறவராக இருந்தால், அப்படி ஒரு லிங்க்கை அழுத்திவிட்டு, எதிரே வந்து நின்றது யாருடையது என்று தேடியிருப்பீர்கள். இது உங்களுக்காக எழுதியது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

பழைய மாப்பிள்ளை

கடலூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம் ஒன்று. முதலாளி சௌந்தர், டிசைன் பார்க்கிற வசந்தி, இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கம்ப்யூட்டர். நான் பொது ஃபோல்டர் போட்டுக் கொடுத்திருந்தேன். சௌந்தருக்கு அதில் பொறுமை இல்லை. தன் மெஷினிலேயே ஃபைலை வைத்துக்கொண்டு, அதன் விலாசத்தை அப்படியே எடுத்து வசந்திக்கு அனுப்பிவிடுவார். அந்த விலாசம் 'சி' என்ற எழுத்தில் ஆரம்பிக்கும். 'சி' என்றால் அவரவர் மெஷினின் சொந்த அறை. அவர் அழுத்தினால் அவருடைய அறை திறக்கும், வசந்தி அழுத்தினால் வசந்தியுடைய அறை திறக்கும். இது தெரியாமலேயே இரண்டு பேரும் வேலை பார்த்திருக்கிறார்கள்.

ரேவதி என்கிற பெண்ணின் பத்திரிகை. சௌந்தர் லிங்க் அனுப்பினார், வசந்தி அழுத்தினாள், திறந்தது, அடித்துக் கட்டிவிட்டாள். அதே பெண்ணுக்கு ஐந்து மாதம் முன்னால் ஓர் இடம் நிச்சயமாகி முறிந்துபோயிருந்தது. அந்தப் பத்திரிகைக்கும் இதே அச்சகத்தில்தான் டிசைன் போட்டார்கள், அதே ஃபோல்டர் பெயர், அதே ஃபைல் பெயர், அது வசந்தியின் மெஷினில் அப்படியே இருந்தது. பத்திரிகைக் கட்டை வாங்கிப் போக வந்த பெண்ணின் தாய்மாமன் கடையிலேயே ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் முறிந்துபோன அந்தப் பழைய பையனின் பெயர்.

சௌந்தர் வசந்தியைத் திட்டிய திட்டில் அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றுவிட்டாள். எனக்குப் போன் வந்தது, நான் போய் ஒரே லிங்க்கை இரண்டு மெஷினிலும் அழுத்திக் காட்டினேன். இரண்டு மாப்பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றார்கள். சௌந்தர் வாசல் வரைக்கும் போய் வசந்தியைக் கூட்டி வந்தார். எல்லாவற்றையும் மறுபடி அடித்துத் தருவதாகச் சொன்னார். தாய்மாமன் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"இந்தப் பையன்கிட்டேருந்து வெளிய வர்றதுக்கு எங்களுக்கு அஞ்சு மாசம் ஆச்சி. நீங்க ஒரே நாள்ல திரும்பக் கட்டி வச்சிட்டீங்களே."

எந்தப் பக்கம் சாயணும்

இது சின்னது. சிதம்பரத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஓர் அறக்கட்டளை நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறார். பழைய புத்தகங்களை ஸ்கேன் பண்ணி ஒரு மெஷினில் போட்டு வைத்திருந்தார்கள். அதைத் தன் போனிலிருந்து படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். நான் கடலூரிலிருந்து போனில் விலாசம் சொன்னேன். ஆபீஸ் கம்ப்யூட்டரில் அடித்தால் விலாசத்தின் நடுவில் வருகிற கோடு ஒரு பக்கம் சாய வேண்டும், போனில் அடித்தால் இன்னொரு பக்கம் சாய வேண்டும். அதை விளக்கப் போய் நானே குழம்பிவிட்டேன்.

அரை மணி நேரம் ஆயிற்று. அவர் பொறுமையாக ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிச் சொன்னார். கடைசியில் திறந்தது என்றார். எனக்குச் சந்தோஷம். என்ன புத்தகம் தெரிகிறது என்று கேட்டேன். புத்தகம் இல்லை, யாரோ மீன் குழம்பு வைத்துக் காட்டுகிறார்கள் என்றார். அவர் அடித்தது எல்லாம் தேடுகிற பெட்டிக்குள் போய், அது என்னவோ தனக்குத் தெரிந்ததை எடுத்துப் போட்டிருக்கிறது. முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் வருத்தமே இல்லாமல் கேட்டார்:

"சாய்கோடு எந்தப் பக்கம் சாயணும்னு கேக்கறேன், நீங்க வலதுன்றீங்க. கோட்டோட தலை வலதா, கால் வலதா?"

எதிர்க்கட்சி வக்கீல்

சிதம்பரம் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடிக் கட்டடம். மாடியில் எதிரெதிர்க் கதவு. ஒன்று கல்யாணி என்கிற வக்கீல் அம்மாவுடையது, இன்னொன்று ராமலிங்கம் என்கிற வக்கீலுடையது. இருவருக்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்பு. இரண்டு ஆபீசுக்கும் நான்தான் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். அங்கேதான் நான் சோம்பேறித்தனம் பண்ணினேன். இரண்டு பேருக்கும் ஃபோல்டர் பெயர் ஒன்று, உள்ளே போகிற பெயர் ஒன்று, பாஸ்வேர்டும் ஒன்று. எனக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளச் சுலபம். லிங்க்கில் மெஷினின் பெயரை எழுதாமல், இணைப்பில் அதற்குக் கிடைத்த நம்பரை எழுதியிருந்தேன். நம்பர்தான் இரண்டு ஆபீசையும் பிரித்து வைத்திருந்தது.

ஒரு நாள் இடி விழுந்து, இணைப்பைப் பிரித்துக் கொடுக்கிற ரவுட்டர் போனது. இணைப்புக்காரர்கள் புதிது மாட்டிவிட்டுப் போனார்கள். புது ரவுட்டர் எல்லா மெஷினுக்கும் தன் இஷ்டத்துக்குப் புது நம்பர் கொடுத்தது. கல்யாணி அம்மாவுடைய நம்பர் எதிர்க்கதவுக்குப் போய்விட்டது. அவர் காலையில் வந்து வழக்கம்போல லிங்க்கை அழுத்தி, அன்றைக்கு வாதாட வேண்டிய பாகப்பிரிவினை வழக்கின் ஃபைலைத் திறந்திருக்கிறார். அதே வழக்கில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகிறவர் ராமலிங்கம். அவர் தயார் பண்ணி வைத்த குறிப்பு அத்தனையும் கல்யாணி அம்மாவின் திரையில்.

கல்யாணி அம்மா எனக்குப் போன் பண்ணினபோது நான் பஸ்ஸில் இருந்தேன். விஷயத்தைக் கேட்டதும், ராமலிங்கம் சாருக்குத் தெரியாமல் உடனே சரி பண்ணிவிடுகிறேன் என்று வாயில் வந்தது, சொல்லியும் விட்டேன். அவர், நீ முதலில் வந்து சேர் என்று வைத்துவிட்டார். நான் மாடி ஏறும்போது அவர் எதிர்க்கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறார். உள்ளே போய், நடந்தது இது, மூன்று வரி படித்தேன், உங்கள் குறிப்பு என்று தெரிந்ததும் மூடிவிட்டேன் என்று நேராகச் சொன்னார். தவறு என்னுடையது என்று நானும் சொன்னேன். ராமலிங்கம் சார் என்னைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கல்யாணி அம்மாவிடம் கேட்டார்:

"நீங்க சொன்னா நம்பறேம்மா. ஆனா எந்த மூணு வரி?"

பந்தி

தயாளன் சிதம்பரத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணப் படங்களையெல்லாம் ஒரு சின்ன சர்வர் பெட்டியில் போட்டு, அவருடைய மேசைக் கம்ப்யூட்டரில் அதற்கு லிங்க் வைத்துக் கொடுத்திருந்தேன். பார்ப்பதற்கு அது சாதாரண ஃபோல்டர் மாதிரியே இருக்கும். ஒரு நாள் அவர் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று சுத்தம் பண்ண உட்கார்ந்தார். சர்வரில் ஒரு காப்பி, இங்கே ஒரு காப்பி, எதற்கு இரண்டு என்று நினைத்து, லிங்க் வழியாக உள்ளே போய் ஒரு கல்யாணத்தை முழுசாக அழித்துவிட்டார். அங்கே இருந்தது ஒரே காப்பிதான். நம் மெஷினில் அழித்தால் குப்பைத் தொட்டியில் போய்க் கிடக்கும், தேடி எடுக்கலாம். லிங்க் வழியாகப் போய் அழித்தால் குப்பைத் தொட்டிக்குக் கூட வராது.

உடனே எனக்குப் போன் பண்ணினார். அது சுகந்தி என்கிற பெண்ணின் கல்யாணம். கல்யாணம் முடிந்து இரண்டு வாரத்துக்குள் அவள் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். கும்பிடுவதற்குப் படம் வேண்டும், கல்யாணத்தில் எடுத்ததில் நல்லதாக ஒன்று பார்த்து வையுங்கள் என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். அந்தப் படத்தை எடுக்கத்தான் இடம் பண்ணினேன் என்றார் தயாளன். பெட்டியை உடனே அணைத்துவிடுங்கள், ஒரு எழுத்துகூட அதில் புதிதாகப் போடாதீர்கள் என்றேன். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே கொண்டுவந்தார். எங்கள் வீட்டு வாசலில் அவர் நின்ற நிலையைப் பார்த்து என் அம்மா, யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து அவரை உட்காரச் சொன்னாள்.

அழித்த படங்களைத் தேடி எடுக்கிற சாஃப்ட்வேரை ஓடவிட்டு ஒன்றரை நாள் பக்கத்திலேயே இருந்தேன். ஒவ்வொன்றாக வந்தன. முகூர்த்தம் வந்தது. தாரை வார்த்தது வந்தது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்கிற படம் ஒன்று வந்தபோது தயாளன் எழுந்து வெளியே போய்விட்டார். கடைசியில் ஒரு பகுதி மட்டும் வரவில்லை. அந்த இடத்தில் வேறு ஏதோ எழுதப்பட்டிருந்தது, என்ன செய்தும் திறக்கவில்லை. சுகந்தியிடம் மறைக்க வேண்டாம் என்று நான் சொன்னதால் தயாளன் அவளைக் கூப்பிட்டு நடந்ததை எல்லாம் சொன்னார். அவள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து எல்லாப் படத்தையும் இரண்டு தடவை பார்த்தாள். கோபப்படுவாள் என்று நாங்கள் காத்திருந்தோம்.

"பந்தியில அப்பா தோள்ல துண்ட போட்டுக்கினு அவுரே சாம்பார் ஊத்தனாரு. அது மட்டும் இல்ல, இல்லீங்களா?"

நாலு பேர்

கடலூர் துறைமுகம் பக்கம் மீன் பதப்படுத்துகிற ஒரு கம்பெனி. பாலு என்கிற மேனேஜருக்கு ஃபோல்டரைத் திறக்கும்போதெல்லாம் பாஸ்வேர்ட் கேட்பது எரிச்சல். கேட்காத மாதிரி ஒரு லிங்க் போடு என்று என்னைக் கேட்டார். லிங்க்குக்குள்ளேயே பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதிவிட்டால் கேட்காது, ஆனால் அந்த லிங்க் யார் கையில் கிடைத்தாலும் எல்லாம் திறந்துகொள்ளும், அதனால் மாட்டேன் என்றேன். எப்படி என்பதை நானே சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அவரே எழுதிக்கொண்டார். அதோடு நிற்காமல், ஷிப்ட் பட்டியல் பார்க்கச் சௌகரியமாக இருக்கும் என்று அந்த லிங்க்கைச் சூப்பர்வைசர்களின் வாட்ஸப் குழுவிலும் போட்டுவிட்டார்.

தேவனாம்பட்டினத்துப் பெண் அஞ்சலை அங்கே இறால் உரிக்கிற பிரிவில் வேலை பார்த்தாள். ஒரு சூப்பர்வைசர் தன்னிடம் தப்பாக நடந்துகொள்கிறான் என்று எழுதிக் கொடுத்தாள். அதை விசாரிக்க நாலு பேர் கொண்ட கமிட்டி இருந்தது. அந்தக் கடிதத்தை ஸ்கேன் பண்ணி அதே சர்வரில் வைத்தார்கள். மறுநாளே அந்தச் சூப்பர்வைசர் வேலை நேரத்தில் அவள் பக்கத்தில் வந்து நின்று, அவள் எழுதியதிலிருந்து ஒரு வரியை அப்படியே அவள் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனான்.

என்னைக் கூப்பிட்டு எப்படி வெளியே போனது என்று பார்க்கச் சொன்னார்கள். பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. யார் எந்தப் போனிலிருந்து எந்த நேரத்தில் திறந்தார்கள் என்ற விவரம் சர்வரில் இருந்தது. அந்தச் சூப்பர்வைசர் அஞ்சலையின் கடிதத்தை மட்டும் ஏழு தடவை திறந்திருந்தான். எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக் கமிட்டிக்குக் கொடுத்தேன், பாஸ்வேர்டை மாற்றினேன், அந்தக் கடிதம் இருந்த இடத்தையே தனியாகப் பிரித்தேன். கடைசியில் அந்தப் பிரிண்டே அவனுக்கு எதிரான சாட்சியாக ஆயிற்று, அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். பாலு அஞ்சலையைக் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்தார். நானும் அந்த அறையில் இருந்தேன். அவள் புகாரை வாபஸ் வாங்கவில்லை, அழவும் இல்லை. அவரைப் பார்த்துக் கேட்டாள்:

"நாலு பேரு மட்டும்தான் படிப்பாங்கன்னு சொல்லித்தான என்ன எழுத வச்சீங்க. எந்த நாலு பேரு சார்?"

டோக்கன் பதினாலு

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதில் நான் தெரிந்தே தப்பு பண்ணினேன்.

சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். ஸ்கேன் எடுத்து ரிப்போர்ட் தயாரானதும் அது டோக்கன் நம்பரைப் பெயராக வைத்துக்கொண்டு பொது ஃபோல்டரில் போய் உட்காரும். டாக்டர் அறையில் இருக்கிற கம்ப்யூட்டரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக லிங்க். பதினாலாம் டோக்கன் உள்ளே வந்தால் டாக்டர் பதினாலை அழுத்துவார். ரொம்பச் சுலபமாக இருக்கிறது என்று என்னைப் பாராட்டினார்கள். தினமும் காலையில் முந்தின நாள் ஃபைல்களை எடுத்து வேறு இடத்தில் வைப்பது வரவேற்பில் இருக்கிற பெண்ணின் வேலை. ஃபைல் பெயரில் தேதியும் நோயாளி பெயரும் சேர்த்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு நாள் அந்தப் பெண் லீவு. ஃபைல்களை யாரும் எடுக்கவில்லை. நான் பிரிண்டர் பார்க்கப் போயிருந்தேன். கம்மாபுரத்திலிருந்து வயிற்று வலி என்று வந்த ஒருவர், வேலு என்று வைத்துக்கொள்வோம், நாற்பது வயதிருக்கும், மனைவியோடு வந்திருந்தார். அவருக்கு டோக்கன் பதினாலு. அவருடைய ரிப்போர்ட் இன்னும் முடியவில்லை. ஆனால் டாக்டர் லிங்க்கை அழுத்தினதும் ரிப்போர்ட் திறந்தது. அது முந்தின நாள் பதினாலாம் டோக்கன், அண்ணாகிராமம் பக்கத்து ஆள் ஒருவருடையது. கூட்டம் ஜாஸ்தி. டாக்டர் மேலே இருந்த பெயரைப் பார்க்கவில்லை. ஈரலில் கட்டி மாதிரி தெரிகிறது, தாமதம் பண்ணாமல் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான் பிரிண்டருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். வேலு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து தம்பிக்குப் போன் போட்டார். பெண்ணுக்குப் பன்னிரண்டாவது முடிகிறது, அவளை நீதான் படிக்க வைக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். அவர் மனைவி அழுதுகொண்டே கவுண்டரில் பிரிண்ட் எடுத்த ரிப்போர்ட்டை வாங்கினார். அந்தம்மாதான் அதை முதல் வரியிலிருந்து படித்தார். பெயர் வேறாக இருக்கிறது, வயது அறுபத்தொன்று என்று போட்டிருக்கிறது என்று கவுண்டரில் காட்டினார். கவுண்டரில் இருந்தவர் என் பக்கம் திரும்பினார். பதினாலு என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்துபோய் டாக்டர் அறைக் கதவைத் தட்டினேன்.

டாக்டர் வெளியே வந்து, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். லிங்க் போட்டது நான்தான் என்று நானும் போய்ச் சொன்னேன். வேலு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய சொந்த ரிப்போர்ட் அரை மணியில் வந்தது. பித்தப்பையில் கல். அன்றைக்கே அங்கேயே உட்கார்ந்து எல்லா ஃபைலுக்கும் தேதி, பெயர், வயது எல்லாம் வருகிற மாதிரி மாற்றினேன். லிங்க்கை அழுத்தினால் முதலில் பெயரைக் காட்டி, இவர்தானா என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கும். அன்றைக்கு வந்திருந்த மற்ற எல்லாருடைய ரிப்போர்ட்டையும் டாக்டரோடு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். வேறு யாருக்கும் மாறவில்லை. முந்தின நாள் வந்தவருக்கு அவர் ரிப்போர்ட்டைச் சரியாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

சாயங்காலம் நான் படியில் இறங்கும்போது வேலுவும் அவர் மனைவியும் கீழே நின்றிருந்தார்கள். பஸ்ஸுக்குப் போகாமல் எனக்காகத்தான் நிற்கிறார்கள் என்று தெரிந்ததும், திட்டட்டும், வாங்கிக்கொள்வோம் என்று நெருங்கிப் போனேன். அவர் மனைவியிடமிருந்த பையைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டு, மெதுவாகக் கேட்டார்:

"எனக்கு இல்லன்னு ஆயிடுச்சி. அந்தப் பெரியவருக்குத் துணைக்கு யாராவது வந்திருந்தாங்களாம்மா?"

விலாசம் ஒழுங்காக இருக்கிற நாளில் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை என்பதால், கடலூரிலும் சிதம்பரத்திலும் என்னைத் தெரிந்த பாதிப் பேருக்கு என் ஸ்கூட்டரைத் தூரத்தில் பார்த்தாலே எது தொலைந்ததோ என்று பயம், மீதிப் பாதிக்கு இன்னும் எதுவும் தொலையவில்லை.